தோளைத் தொட்டால் நிறுத்தலாம்

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த டைரியை டெல்பின் தந்தாள். டெல்பின் என் மகன் ததேயுவின் மகள். "பாட்டி, கோவம் வந்தா இதுல எழுதுங்க, ஆளுமேல எறியாதீங்க" என்று சொல்லித் தந்தாள். நான் எறிந்தது ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதுவும் பெனோமேல் படவில்லை, கதவில்தான் பட்டது. பெனோ அவளுடைய குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன். எறிந்ததற்குக் காரணம் இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து கான்வென்ட் சிஸ்டர் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். அதனால் எழுதத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டெல்பின் ராக் பாடகி. குழுவின் பெயர் சுழலி. சுற்றியடிக்கிற காற்றுக்கு எங்கள் கரையில் அந்தப் பெயர்தான். அவள் பாட ஆரம்பித்தால் ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்த தண்ணீர் பாட்டில் தானாக நடந்து கீழே விழும். முதல் ஆல்பத்தின் பெயர் 'கூப்பாடு'. அதன் முதல் பாட்டு தொடங்குவதே என் குரலில்தான். "ததேயுவோவ்" என்று நான் கரையிலே நின்று கூப்பிடுவதை அவள் போனில் பிடித்து வைத்திருந்தாள். அதற்குப் பின்னால் அவள் குரல் எழும்பும், பிறகு டிரம்ஸ். திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும் பிள்ளைகள் அதைச் சேர்ந்து கத்துகிறார்கள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி விழாவில் என்னை மேடையில் ஏற்றினார்கள். மைதானம் நிறையப் பிள்ளைகள் என் மகன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எந்தப் பாட்டிக்கு அப்படி ஒரு மேடை கிடைத்தது?

இப்போது இரண்டாவது ஆல்பம் செய்கிறார்களாம். பெனோ அதில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். டிரம்ஸ் எங்கே என்று கேட்டேன். "இருக்கு பாட்டி, நல்லா கவனிச்சுக் கேளுங்க" என்றான். கவனித்துக் கேட்டால்தான் கேட்கும் டிரம்ஸ் எதற்கு? சிரட்டை அப்போதுதான் பறந்தது.

செப்டம்பர் 15

நெத்திலி கிடைக்கவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் டெல்பின் கிடாரை எடுத்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள். முன்பு அவள் கிடாருக்கு மின்சாரம் வேண்டும். இது சும்மா மரக் கிடார். மருமகள் சலேத் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவினேன்.

ஒவ்வொன்றாகப் பாடினாள். எல்லாம் மெதுவு. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரி. பெயர் 'அமர்ந்த கடல்' என்றாள்.

"என்னட்டி, காய்ச்சலா? யாராவது உன்ன ஏமாத்திட்டானா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பாட்டி. இப்பிடிப் பாடணும்னு இருக்கு."

"இப்பிடிப் பாடுனா சாளை மீன்கூட விக்காது. கேக்கிறவன் தூங்கிப் போவான்."

"தூங்கட்டுமே."

பிறகு கடைசிப் பாட்டைப் பாடினாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன், என் கோபம் நியாயம் என்று தெரிய வேண்டும்.

இருக்கிற இடத்திலே இரு அப்பா
வழி தேடி அலைய வேண்டாம்
வலை காய்ந்து மடித்தாயிற்று
நாங்கள் சாப்பிட்டு விட்டோம்

சலேத்தின் கையில் இருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது. நான் துருவலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"யாருட்டீ உனக்கப் பாட்டுல? யார அலைய வேண்டாங்கிற? எனக்க மவன வீட்டுக்கு வராதேன்னு சொல்லுதியா?"

டெல்பின் பதறவில்லை. முன்பு என்றால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. இப்போது என்னை அண்ணாந்து பார்த்து, "பாட்டி, நீங்க சரின்னு சொன்னாத்தான் இந்தப் பாட்டு ஆல்பத்துல வரும். இல்லேன்னா வெளியிடமாட்டேன். நீங்க நிதானமாச் சொல்லுங்க" என்றாள்.

நிதானமாவது. அந்த இடத்திலேயே சொன்னேன். முடியாது.

செப்டம்பர் 22

முடியாதுதான்.

செப்டம்பர் 24

பின்னால் யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என் மகன் ஒன்பது வருடம் முன்னால் வள்ளத்தில் கடலுக்குப் போனான். புயல் வந்தது. அவனோடு போனவர்களில் சிலர் நீந்தி வந்தார்கள், சிலர் உடம்பாய் வந்தார்கள். அவன் எந்தவிதமாகவும் வரவில்லை. வராதவனை இறந்தவன் என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. கேரளக் கரையில் ஒதுங்கியிருக்கலாம், ஏதாவது கப்பல்காரன் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், அடிபட்டு நினைவு தப்பியிருக்கலாம். இதை நான் பங்குத்தந்தையிடமே சொன்னேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மழை மூட்டத்தில் வள்ளம் கரை தெரியாமல் நிற்கும்போது பெண்கள் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். குரல் வந்த திசைக்கு வள்ளம் திரும்பும். கூப்பிட ஆரம்பித்தவள் இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கடலில் இருக்கிறவனுக்குத் திசை போய்விடும். அவள் தோளைத் தொட்டு இன்னொருத்தி ஏற்றுக்கொண்டால்தான் அவள் வாயை மூடலாம்.

அன்றைக்கு நான் கூப்பிட்டேன். என் தொண்டை கட்டிப்போனபோது டெல்பின் வந்தாள், பள்ளிக்கூட யூனிஃபார்மில், பதினாலு வயது. என் தோளைத் தொட்டாள். அப்புறம் அவள் கூப்பிட்டாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போனார்கள். இவள் போகவில்லை. அப்போது கரகரத்த குரல்தான் இப்போது எல்லாரும் கொண்டாடுகிற குரல்.

பெங்களூரில் ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்து அவன் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்றால் எனக்குப் பெருமை வராமல் இருக்குமா? எங்கே இருந்தாலும் ஒரு நாள் அவன் காதில் விழும். இந்த நேரத்தில் இவள் மெதுவாகப் பாட வந்துவிட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

பெனோ வந்தான். வாசலில் நின்றே உள்ளே எட்டிப் பார்த்தான், கையில் சிரட்டை இருக்கிறதா என்று.

"லே, வா உள்ள. கொல்லமாட்டேன்."

அவன் பையில் ஒரு குச்சி. நுனியில் கம்பி கம்பியாய்த் துடைப்பம் போல இருந்தது. இதால்தான் இப்போது டிரம்ஸை அடிக்கிறானாம். அடிக்கவில்லை, தேய்க்கிறான். முறத்தைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்துக் காட்டினான்.

"உனக்க அம்மைக்குப் பெருக்கிக் குடுக்கலாமே, அதுக்கு எதுக்கு மேடை?" என்றேன்.

சலேத் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. எனக்குக் கோபம் வந்தது.

பெனோ சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, "பாட்டி, அவளுக்குப் பழைய பாட்டெல்லாம் பாடினா அடுத்த நாள் எழும்ப முடியாது. படுத்தே கெடப்பா. உங்களுக்கு யாரும் சொல்லல்லியா?" என்றான்.

ராக் பாட்டு பாடினால் களைப்பு வரத்தான் செய்யும். கடலுக்குப் போகிறவன் களைத்தால் கரையிலே உட்கார்ந்துவிடுவானா? மரச்சீனிக் கிழங்கும் கணவாய்க் கறியும் வைத்தேன். இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டு எனக்கே பாடம் சொல்லுகிறான்.

ராத்திரிச் சோறு வடித்து ததேயுவுக்கு எடுத்து வைத்தேன். வழக்கம்தான்.

அக்டோபர் 11

பக்கத்து வீட்டு மார்த்தா அந்தப் பாட்டைக் கேட்டாளாம். டெல்பின் பழகும்போது சுவர் வழியாகக் கேட்டதாம். "அழுகை வந்துட்டு இன்னாசியம்மா, எனக்க மாப்பிளைய நெனச்சு" என்றாள். உன் புருஷன் ஆஸ்பத்திரியில் செத்தான், நீ அழு. என் மகனுக்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டு அம்மியில்தான் மசாலா அரைப்பேன். இனி மிக்சியில் அரைக்க வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று கோவிலில் நடந்ததை ஊரே பேசும். பேசட்டும்.

மாதா மாதம் என் மகனுக்குப் பூசைக் கருத்து கொடுக்கிறேன். 'ததேயு பத்திரமாய்த் திரும்ப வேண்டி, வேண்டுபவர் தாய் இன்னாசியம்மாள்.' ஒவ்வொரு மாதமும் உபதேசியார் இதை வாசிப்பார். இன்றைக்குப் பூசைக்கு முன்னால் கருத்துகளை வாசித்தார். ஒரு குழந்தையின் சுகத்துக்காக, ஒரு வீட்டாரின் நன்றிக்காக என்று வாசித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ததேயு ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டுபவர் மனைவி சலேத்."

நான் எழுந்து நின்றேன். என் குரல் கோவிலுக்குள் எப்படி இருக்கும் என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது.

"ஓய் உபதேசியாரே! எனக்க மவன் செத்ததா உம்மட்ட யாரு சொன்னா? உடம்பப் பாத்தீரா?"

"பாட்டி, உக்காருங்க, பூசை…"

"உக்காரமாட்டேன். அத மாத்தி வாசியும்!"

பங்குத்தந்தை பீடத்தருகில் தலை குனிந்து நின்றார். பாடகர் குழு அவசரமாக வருகைப் பாடலைத் தொடங்கிவிட்டது, என்னை அமுக்குவதற்கு. நான் வெளியே வந்துவிட்டேன். ஞாயிறு பூசை காணாமல் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

சலேத் பின்னாலேயே வந்தாள். நான் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுதத் தேவையில்லை. அவள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. ஒன்பது வருடமாய் நான்தான் எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"மாமி, நீங்க ராத்திரி அவருக்கு எடுத்து வைக்கிற சோறு காலைல எங்க போகுதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"எங்க போகுது?"

"நான்தான் தின்னுதேன். எறிஞ்சா பாவம்னு தண்ணி ஊத்தி பழங்கஞ்சியா நான்தான் தின்னுதேன். ஒம்பது வருசமா. எனக்கு அது எறங்கமாட்டேங்குது மாமி."

அதற்குப் பிறகு அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். நான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 20

யாரோடும் பேசவில்லை. சோறு எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 21

சோறு எடுத்து வைத்தேன். காலையில் நேற்றைய சோற்றுச் சட்டியைப் பார்த்தேன். காலியாய், கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

விடியும்போதே மழை மூட்டம். மார்த்தாவின் மகன் சின்ன வள்ளத்தில் போனவன், திரும்பவில்லை. போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. இப்போது பெரிய படகில் எல்லாக் கருவியும் இருக்கிறது, சின்ன வள்ளத்துக்கு எந்தக் கருவியும் கிடையாது. மார்த்தா கரையில் நின்று அழுதாளே தவிர கூப்பிடத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டவள்தான், இருந்தாலும் போய் நின்றேன்.

நான் கூப்பிட்டேன். வயதானாலும் என் குரல் அலைக்கு மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் மார்த்தா என் தோளைத் தொட்டாள், அவள் கூப்பிட்டாள். அவளை இன்னொருத்தி தொட்டாள். அப்படியே மாறி மாறி. வெளிச்சம் கொஞ்சம் வந்ததும் வள்ளம் தெரிந்தது. பையனுக்குப் போன் நனைந்துபோயிற்றாம், அவ்வளவுதான். மார்த்தா அவனைக் கட்டிப் பிடித்து அடியும் கொடுத்தாள்.

டெல்பின் என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கூப்பிடவில்லை, நான் கவனித்தேன். திரும்பி வரும்போது கேட்டேன்.

"ஏன் நீ வாயத் தெறக்கல்ல? ஊருக்குக் கேக்கிற குரல் உனக்கு."

அவள் மணலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"பாட்டி, அன்னைக்கு உங்க தோளத் தொட்டு நான் வாங்கினேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு இருக்கு."

"எனக்க தோள யாரு தொட்டா?"

நான் சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

"கடைசியில காய்ச்சல் வந்து கரையிலேருந்து என்னத் தூக்கிட்டுப் போனாங்க. தூக்கிட்டுப் போனாங்களே தவிர யாரும் தோளத் தொட்டு வாங்கல்ல. ஒம்பது வருசமா மேடை மேடையா நின்னு கூப்பிடுதேன் பாட்டி. எனக்கு நிறுத்தத் தெரியல்ல."

"அது ராக்கு. நீதான ஆசப்பட்டு ஆரம்பிச்ச?"

"ஆமா," என்றாள். "நான்தான்."

அதோடு பேச்சை விட்டாள். இந்தப் பிள்ளை எப்போதிருந்து இப்படிப் பாதியில் பேச்சை விடக் கற்றுக்கொண்டாள்? எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. கத்தினால் நானும் கத்தலாம்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். நான் போவதில்லை. எங்களுக்கு அங்கே யாரும் இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துப் போனார்கள். சலேத்தும் போனாள், ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கல்லறை இல்லாதவள் எங்கே வைப்பாள் என்று தெரியவில்லை. மார்த்தா சொன்னாள், நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் வைத்தாளாம். காற்றில் அணைந்துகொண்டே இருந்ததாம், பொறுமையாய்த் திரும்பத் திரும்பக் கொளுத்தினாளாம். நான் கேட்காமலே மார்த்தா இதைச் சொன்னாள்.

நவம்பர் 6

நாகர்கோவிலில் சனிக்கிழமை நிகழ்ச்சி. புது ஆல்பத்தை முதல் தடவை மேடையில் பாடப் போகிறார்கள். டெல்பின் கூப்பிட்டாள். கடைசிப் பாட்டைப் பாடமாட்டாளாம், நான் சரி சொல்லாததால். "வாங்க பாட்டி, முன் வரிசையில இடம் வச்சிருக்கேன்" என்றாள்.

வரமாட்டேன் என்றேன். சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

போனேன். சலேத்தும் வந்தாள். பெரிய மண்டபம். முன் வரிசையில் எங்கள் இருவருக்கும் நாற்காலி, பின்னாலெல்லாம் பிள்ளைகள் நின்றுகொண்டே. கறுப்புச் சட்டைப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் சில பேர் "பாட்டீ! கூப்பாட்டுப் பாட்டி!" என்று கத்தினார்கள். நான் கையைக் காட்டினேன். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று அப்போது நினைத்தேன்.

டெல்பின் மரக் கிடாரோடு ஸ்டூலில் உட்கார்ந்து புதுப் பாட்டைத் தொடங்கினாள். பெனோ தேய்த்தான். முதல் பாட்டைக் கேட்டார்கள். இரண்டாவது பாட்டில் பின்னாலிருந்து பேச்சு வந்தது. மூன்றாவதில் ஒருத்தன், "அக்கா, தாலாட்டுப் பாட வந்தீங்களா?" என்றான். சிரிப்பு. நான் இதே கேலியை அடுக்களையில் செய்திருக்கிறேன். நான் செய்யலாம், அவன் யார்?

பிறகு "கூப்பாடு! கூப்பாடு!" என்று ஆரம்பித்தார்கள். தரையைக் காலால் உதைத்துக்கொண்டே. மண்டபமே அதிர்ந்தது. டெல்பின் மூன்று தரம் மைக்கில் ஏதோ சொல்லப் பார்த்தாள், கேட்கவில்லை. அவள் பெனோவைப் பார்த்தாள். கிடாரைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். மின்சாரக் கிடார்க்காரன் கம்பியை இழுத்தான். ஸ்பீக்கரில் என் குரல் வந்தது, "ததேயுவோவ்" என்று. அதற்குப் பின்னால் அவள் கூப்பிட்டாள்.

நான் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் எப்போதும் தூரத்தில் இருந்தோ போனிலோ கேட்டிருக்கிறேன், கல்லூரி விழா மேடையில் நான் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பக்கத்தில் அவள் கழுத்தை நான் பார்த்ததில்லை. நரம்பு புடைத்து, கண் எங்கேயோ மேலே பார்த்து, இரண்டு கையும் வாயைச் சுற்றிக் குவித்து. மேடையில் பாடுகிறவள் கையை வாயில் குவிக்க வேண்டியதில்லை, மைக் இருக்கிறது. கரையில் நிற்கிறவள்தான் குவிப்பாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் மட்டும்தான் இல்லை.

பின்னாலிருந்த பிள்ளைகள் சந்தோஷமாய்க் குதித்தார்கள். சலேத் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மேடைக்கு ஏறுகிற படி ஓரத்தில் இருந்தது. ஒரு காவல்காரப் பையன் தடுத்தான். "தள்ளுலே" என்றேன், தள்ளி நின்றான். எல்லாரும் கைதட்டினார்கள், நான் கூப்பிட வருகிறேன் என்று நினைத்து.

நான் போய் டெல்பின் தோளைத் தொட்டேன்.

அவள் திரும்பினாள். வாய் திறந்தபடியே இருந்தது. நான் தோளை விடவில்லை. வாய் மூடியது. டிரம்ஸ் நின்றது, கிடார் நின்றது. "குடு," என்றேன்.

மைக்கை எடுத்தேன். பிள்ளைகள் "கூப்பாடு, பாட்டி, கூப்பாடு!" என்று கத்தினார்கள். என் வாழ்நாள் முழுக்க அலைக்கு மேலே கேட்க வேண்டும் என்று வளர்த்த குரல் இது. மைக்கும் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

"லே! வாய மூடுங்கலே!"

மூடினார்கள்.

"ஒரு பிள்ளை பாடுது. கேக்க வந்தா கேளுங்க, இல்லேன்னா வாசல் அங்ஙன இருக்கு. எவனுக்காவது கத்தணும்னா கடப்பொறத்துக்கு வா, நான் சொல்லித் தாறேன். எனக்க மவன் பேர இனி நீங்க யாரும் கூப்பிடாண்டாம். அது எனக்க வேலை. எப்ப கூப்பிடணும், எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மைக்கை அவளிடம் கொடுத்தேன். "உக்காந்து பாடு. அந்தக் கடைசிப் பாட்டப் பாடு" என்றேன். படி இறங்க முட்டி வலித்தது, அதனால் ஸ்பீக்கர் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து மற்றவர்களை முறைக்கவும் வசதியாக இருந்தது.

அவள் பாடினாள். முழுக்கப் பாடினாள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் அதிரவில்லை. பெனோ தேய்த்தது நேற்றுத்தான் எனக்கு நன்றாகக் கேட்டது. வலையை மணலில் இழுக்கிற சத்தம் போல இருந்தது. முதலிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் சிரட்டையை எறிந்திருக்கமாட்டேன்.

வரிகள் மோசமில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடியிருக்கலாம்.

வீட்டுக்கு வரும்போது காரில் டெல்பின் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தத் தோள் இன்னும் வலிக்கிறது. அவளுக்கு அந்த அளவு உயரம் எதற்கு?

நவம்பர் 11

நேற்றுச் சோறு வடிக்கும்போது அரிசி ஒரு பிடி குறைத்துப் போட்டேன். அரிசியில் வண்டு வைத்திருந்தது, பொறுக்க நேரமில்லை. வேறொன்றும் இல்லை.

காலையில் சலேத் பழங்கஞ்சிச் சட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்குத?" என்றேன். "மாவு ஆட்டி வச்சிருக்கேன். தோசை சுட்டுச் சூடாத் தின்னு."